கையடக்க ஒளிபரப்பு நிலையம்



1960களின் இறுதியில், நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் சேவுகம்பட்டிப் பக்கத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பஞ்சாயத்துக் கட்டடத்தின் மேல் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அதன் வழியே திருச்சி வானொலி நிலையத்தின் குரல் தெருவெங்கும் கேட்கும். வயலிலிருந்து திரும்பியவர்கள் திண்ணையில் அமர்ந்து செய்தியும் வேளாண்மைக் குறிப்பும் கேட்பார்கள். அப்படி ஒரு மாலையில் நான் என் தந்தையாரிடம், "அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கிறதே, நாம் பேசினால் அவர்களுக்குக் கேட்குமா, அப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதற்குப் பெரிய நிலையம் வேண்டுமடா" என்றார்.

தந்தையார் சொன்னது அந்நாளில் முற்றிலும் உண்மை. இன்றோ அந்தப் பெரிய நிலையம் ஒரு சிறுவனின் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. கைபேசியைக் கையில் எடுத்து ஒரு பொத்தானைத் தொட்டால், கண் முன் நடப்பதைக் கடல் கடந்தவர்களுக்கும் காட்டலாம். நேரலை என்று இதற்குப் பெயர். இந்த நேரலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதைக் கையாள்பவர் ஏற்க வேண்டிய பொறுப்பு யாது என்பதையும் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். வெறும் தத்துவமாகப் பேசாமல், எங்கள் ஊரில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

வத்தலக்குண்டுக்கு அருகில், கொடைக்கானல் மலை மேற்கே நிமிர்ந்து நிற்கும் சமவெளியில் அமைந்தது சேவுகம்பட்டி. இங்கே சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம் மூன்றாம் நாள் ஒரு திருவிழா நடைபெறும். மக்கள் கூடை கூடையாக வாழைப்பழங்களைச் சுமந்து ஊர்வலமாக வந்து, இறைவனுக்குப் படைத்து, பின்னர் அப்பழங்களைக் கூட்டத்தின் மீது வாரி இறைப்பார்கள். இதனைச் சூறை விடுதல் என்பர். கீழே நிற்பவர்கள் அவற்றைப் பிரசாதமாக ஏந்திக்கொள்வார்கள். விளைச்சல் பெருக வேண்டும் என்ற வேண்டுதலும், விளைந்ததை ஊரோடு பகிர்ந்துகொள்ளும் மகிழ்ச்சியும் அதில் கலந்திருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் இத்திருவிழாவிற்கு இரண்டு நாள் இருக்கையில், என்னிடம் படித்த இளைஞர்கள் மூவர் வீட்டிற்கு வந்தனர். "சார், திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கிறவர்கள் எப்படியும் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். வளைகுடா நாடுகளில் இருக்கிறவர்கள் எப்படி வர முடியும்? அவர்களுக்குச் சூறையை நேரலையில் காட்டப் போகிறோம். நீங்கள் தொடக்கத்தில் நான்கு வார்த்தை பேச வேண்டும்" என்றனர். பேசுவதாக ஒப்புக்கொண்டேன். ஆனால், "நீங்கள் செய்யப்போவது இன்னதென்று முதலில் எனக்கு விளங்கச் சொல்லுங்கள்" என்று ஒரு நிபந்தனை விதித்தேன். வகுப்பில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற பிள்ளைகள் அன்று எனக்கு ஆசிரியரானார்கள்.

அவர்களிடம் திருமண வீடுகளில் படம் பிடிக்கும் ஒரு வீடியோ கேமரா இருந்தது. "கைபேசியிலேயே கேமரா இருக்கிறதே, இது எதற்கு?" என்றேன். கைபேசியின் சிறிய கண் அருகில் உள்ளதை நன்கு காட்டும். கூட்டத்திற்கு அப்பால் தொலைவில் நிற்பவரின் முகத்தைத் தெளிவாக இழுத்துக் காட்டப் பெரிய கேமராவே ஏற்றது என்று விளக்கினார்கள். ஆனால் பெரிய கேமராவிற்கு இணையத்தோடு பேசத் தெரியாது. ஆகவே கேமராவிலிருந்து ஒரு வயரை எடுத்து, கேப்சர் கார்டு என்று கடைக்காரர்கள் சொல்லும் சிறு கருவி ஒன்றின் வழியாகக் கைபேசியில் இணைத்தார்கள். கேமரா கண்ணாக இருந்து காண்கிறது. கைபேசி அஞ்சற்காரராக இருந்து எடுத்துச் செல்கிறது. ஏற்பாடு இவ்வளவே.

ஆனால் அஞ்சற்காரர் சுமக்க வேண்டிய சுமை எவ்வளவு என்பதை அறிந்தால் நாம் வியந்து போவோம். மாணவர்களே, தாளும் எழுதுகோலும் இருந்தால் என்னோடு சேர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். ஓரளவு தெளிவான ஒரு படத்தில், அகலவாக்கில் 1280 புள்ளிகளும் உயரவாக்கில் 720 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 9,21,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமானால் ஒரு நொடிக்கு 30 படங்கள் வேண்டும். இவையனைத்தையும் பெருக்கினால் ஒரு நொடிக்கு 66 கோடி பிட்டுகளுக்கு மேல் வருகிறது. இதை உள்ளபடியே அனுப்பக் கைபேசியால் இயலாது.

ஆகவே சுமையைச் சுருக்குகிறார்கள். எப்படி என்று கேட்பீர்கள். புவியியல் வகுப்பில் நான் கரும்பலகையில் தமிழ்நாட்டின் படத்தை வரைந்துவிட்டால், அடுத்து வைகையைக் காட்டுவதற்காக முழுப் படத்தையும் அழித்து மீண்டும் வரைவதில்லை. இருக்கும் படத்தின்மேல் ஒரு கோட்டை மட்டும் இழுப்பேன். கைபேசியும் இவ்வாறே செய்கிறது. சில நொடிகளுக்கு ஒரு முறை ஒரு முழுப் படத்தை அனுப்புகிறது. இடையில் வரும் படங்களில், முந்தைய படத்திலிருந்து மாறியது எதுவோ அதை மட்டும் அனுப்புகிறது. கோயில் சுவர் அசைவதில்லை. ஆதலால் அதைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. கூடையிலிருந்து எழும் பழம் அசைகிறது. அதைச் சொன்னால் போதும். இத்தகைய சிக்கனத்தால், 66 கோடி பிட்டுகள் ஏறத்தாழ 25 லட்சம் பிட்டுகளாகக் குறைந்துவிடுகின்றன. அப்படியும் ஒரு மணி நேரத்திற்கு ஒரு ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும். நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து வாங்குகிறவர் இக்கணக்கை முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையேல் திருவிழாவின் நடுவில் அவருடைய நிலையம் மூடப்பட்டுவிடும்.

இவ்வாறு சுருங்கிய செய்தி சிறு சிறு பொட்டலங்களாகி, வானொலி அலையாகக் கைபேசியிலிருந்து புறப்பட்டு, அருகிலுள்ள டவரை அடைகிறது. ஆம், இதுவும் வானொலி அலையே. நம் நிலையத்தின் பாட்டியும் கைபேசியின் பேத்தியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள். டவரிலிருந்து கண்ணாடி இழைகளின் வழியே அச்செய்தி தொலைவிலுள்ள பெரிய கணினிகளை அடைகிறது. அக்கணினிகள் ஒரே காட்சியைப் பெரிதும் சிறிதுமாகப் பல அளவுகளில் படியெடுத்து, சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி வைக்கின்றன. காண்பவரின் கைபேசி தன் வேகத்திற்கு ஏற்ற படியைத் துண்டு துண்டாக வாங்கி, வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது. இத்தனையும் நடைபெறப் பெரும்பாலும் பத்து முதல் முப்பது நொடிகள் ஆகும். சேவுகம்பட்டியில் ஒருவர் பழத்தை ஏந்தித் தோலை உரித்துவிட்ட பிறகே, அப்பழம் கூடையை விட்டு எழுவதைத் துபாயில் இருக்கும் அவருடைய தம்பி காண்பார். நேரலை என்கிறோமேயன்றி, அது சற்றுப் பிந்திய நேரலையே. இந்தச் சில நொடிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவற்றைப் பற்றிப் பேசுவேன்.

இளைஞர்கள் முந்தைய நாள் மாலையில் கோயில் முன் நின்று ஒத்திகை பார்த்தார்கள். படம் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. திருவிழாவன்று கூட்டம் திரண்டதும் படம் திக்கத் தொடங்கியது. பின்னர் நின்றே போயிற்று. முந்தைய நாள் ஓடியது இன்று ஏன் ஓடவில்லை? சந்தை நாளில் வத்தலக்குண்டுப் பஸ்ஸில் இடம் கிடைக்கிறதா? டவரும் அப்படியே. ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே டவரைப் பங்கிட்டுக் கொள்கின்றன. மேலும், டவரிலிருந்து நமக்கு வரும் பாதையை அகலமாகவும், நம்மிடமிருந்து டவருக்குச் செல்லும் பாதையைக் குறுகலாகவுமே பெரும்பாலும் அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பார்ப்பவர்களே, அனுப்புகிறவர்கள் சிலரே என்பது காரணம். கைபேசி அலையை வீசும் ஆற்றலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாட் அளவே. கூட்டமில்லாத நாளில் பார்த்த ஒத்திகை, கூட்டமுள்ள நாளுக்குச் சான்றாகாது என்ற பாடத்தை அன்று யாவரும் கற்றுக்கொண்டோம்.

ஆயினும் அப்பிள்ளைகள் சோர்ந்துவிடவில்லை. கூட்டத்தை விட்டுச் சற்று விலகியிருந்த ஒரு வீட்டின் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். அங்கிருந்து வேறொரு டவர் நன்கு எட்டியது. வேறு நிறுவனத்தின் சிம் கார்டை மாற்றிப் போட்டார்கள். படத்தின் அளவை 720இலிருந்து 480ஆகக் குறைத்தார்கள். கைபேசி வெயிலில் சூடேறி அணைந்துவிடாதபடி அதன்மேல் ஒரு துண்டை நிழலாகக் கட்டினார்கள். பவர் பேங்கை இணைத்தார்கள். ஒலிக்கு மட்டும் குறைவு வைக்கவில்லை. "படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், சார். சத்தம் அறுந்தால் போய்விடுவார்கள்" என்றான் அவர்களில் ஒருவன். வானொலியில் பேசும் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மேளச் சத்தமும் கோவிந்தா என்னும் முழக்கமும் தடையின்றிக் கடல் கடந்தன.

இத்தகைய காட்சிகளை இணையத்தில் காட்டும் எண்ணம் எங்கே தொடங்கியது தெரியுமா? 1991ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ஒரு காப்பிப் பாத்திரத்தின் முன்னே தொடங்கியது. எழுந்து நடந்து போன பின் பாத்திரம் காலியாக இருந்தால் ஏமாற்றமல்லவா? அதற்காக ஆய்வாளர்கள் பாத்திரத்தின் எதிரே ஒரு கேமராவை வைத்துத் தங்கள் கணினித் திரையிலேயே அதைப் பார்த்துக்கொண்டார்கள். 1993இல் அக்காட்சி உலகளாவிய இணையத்தில் இடம் பெற்றது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் அக்கேமராவை நிறுத்தினார்கள். சோம்பலுக்குப் பிறந்த குழந்தை எவ்வளவு பெரியதாக வளர்ந்துவிட்டது, பாருங்கள். நம் நாட்டிலே டில்லியில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாளும், சென்னையில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளும் தொலைக்காட்சி தொடங்கியபோது, வெளியிடத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காட்ட வேண்டுமானால் பெரிய வண்டியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டியிருந்தன. இன்று மூன்று இளைஞர்களும் ஒரு துண்டும் போதும்.

இதனால் விளைந்த நன்மைகள் பல. கொரோனாத் தொற்றால் நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்த 2020ஆம் ஆண்டில், மதுரை மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் மே 4ஆம் நாள் பக்தர்கள் இன்றி நடைபெற்றது. இணையத்தின் வழியே நேரலையில் அதைக் கண்டு, பெண்கள் தத்தம் வீட்டிலேயே புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். நீதிமன்ற நடவடிக்கைகளைப் பொதுமக்கள் காணலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் நேரலையில் வரத் தொடங்கின. டில்லிக்குச் செல்லாமலேயே, நிலக்கோட்டையில் இருக்கும் ஒரு மாணவி நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்கலாம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை சந்திரயான் 3 நிலவில் இறங்கியபோது, இஸ்ரோவின் யூடியூப் ஒளிபரப்பை மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தனர். இவையெல்லாம் நாம் பெருமைப்பட வேண்டியவை.

இனி, நான் சொல்லவந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

அன்று சூறை நடந்துகொண்டிருந்தது. பழங்கள் வானில் எழுந்து விழுந்தன. கேமராவைப் பிடித்திருந்த இளைஞன் கூட்டத்தில் ஒரு பெரியவரின் முகத்தை அருகே இழுத்துக் காட்டினான். பல்லில்லாத வாய் திறந்து சிரித்துக்கொண்டு, துண்டை இரு கையிலும் விரித்துப் பிடித்து நின்றார் அவர். அடுத்த கணம் நெரிசலில் நிலை தடுமாறிக் கீழே விழுந்தார். மாடியில் நின்ற நாங்கள் அதைக் கண்டோம். இளைஞன் என்ன செய்தான் தெரியுமா? கேமராவைச் சட்டென்று மேற்கே திருப்பி, மலையை நோக்கி நிறுத்தினான். ஒலியை அணைத்தான். உடனிருந்தவனிடம், "இதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு, படியில் இறங்கி ஓடினான்.

நல்ல வேளையாகப் பெரியவருக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஏறத்தாழ நான்கு நிமிடம் வெளிநாட்டில் இருந்தவர்கள் கொடைக்கானல் மலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மீண்டும் சூறை தெரிந்தது. அன்று இரவு ஒருவர் அயல்நாட்டிலிருந்து அழைத்து, "நல்ல கட்டத்தில் மலையைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாயே, தம்பி?" என்று கடிந்துகொண்டாராம். இளைஞன் சொன்ன விடை இது: "ஒரு பெரியவர் விழுந்துவிட்டார், அண்ணே. அவருடைய மகனும் அங்கே உங்களைப் போல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்."

மாணவர்களே, இந்த ஒரு வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் ஒரு மகன். தந்தை கூட்டத்தின் காலடியில் விழுவதை அவன் திரையில் காண்கிறான். ஓடிவர இயலாது, தூக்க இயலாது, என்ன ஆயிற்று என்று கேட்கவும் ஆளில்லை. அந்த நான்கு நிமிடம் அவனுக்கு எத்தனை ஆண்டுகளாக இருந்திருக்கும்! அவன் அந்த வேதனையை அறியவே இல்லை. சிராய்ப்புக்கு மருந்திட்ட பிறகு, தந்தையே தம் குரலில் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே அவனுக்குச் சொன்னார்.

முன்பு நான் குறித்து வைக்கச் சொன்ன சில நொடிகளை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவர் விழுந்த கணத்திலேயே ஒளிபரப்பை அறவே துண்டித்திருந்தால், வழியில் இருந்த சில நொடிக் காட்சி போகாமல் நிற்க ஓரளவு வாய்ப்புண்டு. ஆனால் அதை நம்பி இருக்கலாகாது. கைபேசியை விட்டுப் புறப்பட்டது போனதுதான். அந்த இளைஞன் விரைந்து திருப்பியதாலும், படம் அப்போது அகலக் காட்சிக்கு மாறிக்கொண்டிருந்ததாலும், விழுந்தது இன்னார் என்பது எவருக்கும் புலப்படவில்லை. விரைவும் ஓரளவு நற்பேறும் சேர்ந்து காப்பாற்றின என்பதே உண்மை.

வானொலி நிலையத்தில் ஒரு பேச்சு உங்கள் செவிக்கு வருமுன் எத்தனை வாயில்களைக் கடந்து வருகிறது என்பதைச் சற்று நினையுங்கள். நான் எழுதுகிறேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் படித்துப் பார்க்கிறார். ஐயமுள்ள இடத்தைச் சுட்டிக்காட்டுகிறார். நான் திருத்துகிறேன். பொறியாளர் குரலின் அளவைச் சரிபார்க்கிறார். பதிவு செய்தபின் மீண்டும் கேட்கிறார்கள். ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடித்துவிடுவார். கைபேசி நேரலையில் இத்தனை பேரும் இல்லை. எழுதுபவனும் அவனே, தணிக்கை செய்பவனும் அவனே, பொறியாளனும் அவனே, அறிவிப்பாளனும் அவனே. ஆதலால் நிலையம் சிறுத்ததே தவிர, பொறுப்பு சிறுக்கவில்லை. முன்பு பலர் தோளில் பங்கிடப்பட்டிருந்த பொறுப்பு முழுவதும் இன்று ஒருவர் தோளில் ஏறியிருக்கிறது. இதுவே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி.

இப்பொறுப்பு தவறியபோது நேர்ந்த கேடுகள் சாமானியமானவை அல்ல. 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மும்பை தாக்கப்பட்டபோது, தொலைக்காட்சி நிறுவனங்கள் பாதுகாப்புப் படையினரின் ஒவ்வோர் அசைவையும் நேரலையில் காட்டின. ஆர்வத்தால் செய்த பிழை அது. ஆனால் எல்லைக்கு அப்பாலிருந்து அத்தாக்குதலை இயக்கியவர்கள் அதே காட்சியைப் பார்த்து, உள்ளே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் வழி சொன்னார்கள். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த ஒளிபரப்பைக் கடுமையாகக் கண்டித்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டலாகாது என்று 2015இல் விதியும் வந்தது. பயிற்சி பெற்ற பெரிய நிறுவனங்களே தவறின என்றால், பயிற்சியற்ற நாம் எவ்வளவு விழிப்போடு இருக்க வேண்டும்!

2019ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டுக் கொன்ற ஒரு கொடியவன், தன் செயலைத் தானே முகநூலில் நேரலையாகக் காட்டினான். நேரலையாக அதைப் பார்த்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு என்று அந்நிறுவனம் தெரிவித்தது. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அந்நிறுவனம் நீக்கவும் தடுக்கவும் வேண்டியிருந்த படிகள் ஏறத்தாழ 15 லட்சம். இருநூறு எங்கே, பதினைந்து லட்சம் எங்கே! நேரலை முடிந்தாலும் அதன் நிழல் முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அப்படிகளை மேலும் பரப்பியவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். விரலை அடக்கத் தெரியாதவர்களே.

அவ்வளவு தொலைவு போவானேன்? திண்டுக்கல் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால் இன்று முதலில் நீளும் கை எது? தூக்கும் கையா, கைபேசி ஏந்திய கையா? அடிபட்டவரின் வீட்டிற்குச் செய்தி போகுமுன் அவருடைய குருதி திரையில் போய்விடுகிறது. 'உதவினால் வழக்கில் சிக்கிக்கொள்வோமோ' என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. அந்த அச்சம் வேண்டா. நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. 108 என்ற எண்ணை அழைப்பதற்கும் அதே கைபேசிதான் வேண்டும் என்பதை மறவாதீர்கள். ஒருவருடைய அந்தரங்க உடற்பகுதியை அவர் இசைவின்றிப் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் கொடுமைக்கு உள்ளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடை செய்கிறது. 16 வயது நிரம்பாதவர்கள் தனியே நேரலை செய்யலாகாது என்று யூடியூப் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஜூலையில் விதியை இறுக்கியது. இவை வெளியிலிருந்து போடும் வேலிகள். வேலி வேண்டியதுதான்; ஆனால் மலையை நோக்கிக் கேமராவைத் திருப்பச் சொன்னது எந்தச் சட்டமும் அன்று.

நான் உங்களுக்கு உபதேசம் செய்யத் தகுதியுடையவனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம், பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்பில் நுழையாதே என்பது. ஏனெனில் வகுப்பும் ஒரு நேரலைதான்; அங்கே சொன்னதை அழிக்க ரப்பர் கிடையாது. இதை அறிந்திருந்தும் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் தவறினேன். ஒரு மாணவன் சொன்ன பிழையான விடையை அவன் குரலிலேயே திருப்பிச் சொல்லி எள்ளினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாற்பது பேர் சிரித்தனர். ஒருவன் தலை குனிந்தான். அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் நானே அவன் வீட்டுக்குச் சென்று அழைத்து வந்தேன். வந்தான், படித்தான், ஆனால் அதன் பிறகு என் வகுப்பில் அவன் கை உயர்ந்ததே இல்லை. நாற்பது பேரின் சிரிப்பு ஒரு சிறுவனுக்கு அவ்வளவு செய்யுமானால், நாற்பதாயிரம் பேரின் சிரிப்பு என்ன செய்யாது? அன்று என் வகுப்பில் எவரிடமும் கைபேசி இல்லாதது அவனுக்கும் எனக்கும் கிடைத்த நற்பேறு.

ஆகவே மாணவர்களே, நேரலையை வெறுக்கச் சொல்லவில்லை, கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளி விழாவைக் காட்டுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்வதைக் காட்டுங்கள். தாத்தா விதை நெல் பார்த்து எடுக்கும் முறையைக் காட்டுங்கள். காட்டுமுன், காட்டப்படுகிறவரிடம் இசைவு கேளுங்கள். ஒத்திகை பாருங்கள்; கூட்டத்தையும் வெயிலையும் எண்ணி ஒத்திகை பாருங்கள். எதிர்பாராதது நேர்ந்தால் கேமராவை எங்கே திருப்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையின் மறுபுறத்தில் ஆயிரம் பேர் இருப்பதாக எண்ணாதீர்கள். விழுந்தவரின் மகன் ஒருவன் இருப்பதாக எண்ணுங்கள்.

அந்த இளைஞனைப் பிறகு ஒரு நாள் கடைவீதியில் கண்டேன். "மலையைக் காட்ட வேண்டும் என்று அந்த நேரத்தில் உனக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டேன். அவன் சற்று வெட்கத்தோடு, "தோன்றவில்லை, சார். முதல் நாள் ராத்திரியே பேசி வைத்திருந்தோம். ஏதாவது ஆனால் மலைப் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று" என்றான்.

பாடக் குறிப்பு எழுதிக்கொண்டே வகுப்புக்குச் சென்றிருக்கிறான் என் மாணவன்.